குழாயை மூடச் சொல்லும் பாடம்

1991 நவம்பர் 22 அன்று, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. திரையரங்குகள் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகளைக் காட்ட வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் அதற்கென நேரம் ஒதுக்க வேண்டும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும். பாடம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பை என்.சி.இ.ஆர்.டி.யிடம் ஒப்படைத்தது.

கட்டாயம் என்று நீதிபதிகள் சொல்லிவிடலாம். எதைக் கற்பிப்பது, கற்பித்தால் என்ன நடக்கும் என்பதை ஆணையில் எழுத முடியாது. மண்ணும் நீரும் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் அதைப் பற்றிப் பள்ளி என்ன எதிர்பார்க்கிறது என்பதில்தான் நூறாண்டுக்கும் மேலாக வழக்கு. நேசிக்கக் கற்றுக்கொடு என்றார்கள் சிலர். மண்வெட்டியைக் கையில் கொடு என்றார்கள் சிலர். பழக்கத்தை மாற்று, அறிவியலைச் சொல், ஊரை அளக்கச் சொல் என்று மற்றவர்கள். ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட காலத்தின் நெருக்கடியிலிருந்து பிறந்தது. அந்தப் பிறப்பு தெரிந்தால்தான் அதன் பலவீனமும் தெரியும்.

நேசித்தால் காப்பார்கள்

முதல் விடை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. 1890-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்து விவசாயம் நொடித்து, கிராமத்துப் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுற்றியுள்ள உலகை ரசிக்கக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் நிலத்தோடு தங்குவார்கள் என்ற எண்ணத்தில் பள்ளிகளில் இயற்கைப் பாடம் புகுந்தது. லிபர்ட்டி ஹைட் பெய்லி அதற்குத் தத்துவம் எழுதினார். அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் 1911-இல் ஆசிரியர்களுக்கான கைநூல் எழுதினார். தொள்ளாயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்தப் புத்தகம் பறவை, பூச்சி, ஓடை, கல், மண் என்று எல்லாவற்றையும் கேள்விகளாக மாற்றித் தந்தது. விடையைச் சொல்லாதே, பார்க்கச் சொல் என்பதே அதன் முறை.

இந்த மரபு இன்னும் உயிரோடிருக்கிறது. பள்ளிக் குழந்தைகளைப் பறவை பார்க்க அழைத்துச் செல்வதும், வளாகத்து மரங்களைக் கணக்கெடுப்பதும் இதன் வாரிசுகள்தான். 1996-இல் அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் இதற்குப் புது வாதம் ஒன்று சேர்த்தார். எட்டு வயதுப் பிள்ளையிடம் அமேசான் காடு அழிவதைப் பற்றிப் பேசினால் அச்சமும் விலகலும்தான் மிஞ்சும், முதலில் வீட்டுக்குப் பின்னால் உள்ள புதரோடு பழகட்டும் என்றார்.

வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மீன்கொத்தியை நேசிப்பது எளிது. மண்ணை நேசிப்பது அவ்வளவு எளிதல்ல. அதற்குக் கண்ணும் இல்லை, குரலும் இல்லை. மண் அரிமானம் ஒரு பிள்ளையின் கண்முன் நடப்பதில்லை, ஒரு தலைமுறையில் நடக்கிறது. இன்னொரு பலவீனம் வர்க்கம் சார்ந்தது. தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு வரிசையில் நிற்கும் சிறுமிக்கு நீரின் அருமையைப் பள்ளி சொல்ல வேண்டியதில்லை. கார்னெலின் முதன்மை நோக்கமும் நிறைவேறவில்லை: பிள்ளைகள் நகரத்துக்குப் போவது நிற்கவில்லை. விவசாயம் கட்டுப்படியாகாததற்குப் பறவைகளைக் கவனிக்காதது காரணமில்லையே.

புழுதிக்குப் பிறகு

1930-களில் அமெரிக்கச் சமவெளி மண் காற்றில் பறந்தபோது ரசனை போதாது என்பது வெட்டவெளிச்சமானது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புழுதிப் புயல், கறுப்பு ஞாயிறு என்றே வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர் வாஷிங்டனில் மேலவைக் குழுவின் முன் பேசிக்கொண்டிருந்த நாட்களில் தலைநகர் வானத்தையே புழுதி மறைத்தது என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அதே மாதம் 27-ஆம் தேதி மண் பாதுகாப்புத் துறைக்கான சட்டம் நிறைவேறியது. விஸ்கான்சின் மாநிலம் அந்த ஆண்டே ஒரு படி மேலே போய், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் இயற்கை வளப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. பாடம் இப்போது அவசரநிலையாக மாறியது: சரிவுக்குக் குறுக்கே உழு, மூடுபயிர் போடு, வரப்பு கட்டு.

இதே விஸ்கான்சினில் பணியாற்றிய சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் இந்த முயற்சிகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1949-இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளிவந்த நில அறம் பற்றிய கட்டுரையில் ஒரு நிகழ்வுத் தொடரைப் பதிவு செய்தார். 1933 வாக்கில் தென்மேற்கு விஸ்கான்சின் விவசாயிகளிடம் அரசு பேரம் பேசியது: ஐந்தாண்டு மண் காக்கும் முறைகளைப் பின்பற்றுங்கள், வேலையாட்களும் கருவிகளும் இலவசம். ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும், தங்களுக்கு உடனடி லாபம் தந்த முறைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டார்கள். சரி, விதிகளை அவர்களே எழுதட்டும் என்று 1937-இல் மாநிலம் சட்டம் இயற்றியது. பத்தாண்டுகள் கழிந்தும் ஒரு மாவட்டம்கூட ஒரு விதியும் எழுதவில்லை.

இன்னும் அதிகமாகக் கற்பிப்போம் என்பதே எல்லோருடைய பதிலாகவும் இருந்தது. லியோபோல்டின் சந்தேகம் வேறு இடத்தில் விழுந்தது. கற்பித்த அளவு குறைவா, கற்பித்ததிலேயே ஏதோ இல்லையா என்று கேட்டார். தன்னலத்துக்கு இசைவானதை மட்டும் செய் என்று சொல்லும் பாடம், தன்னலத்துக்கு எதிரான இடத்தில் கைவிட்டுவிடும் என்பது அவர் கண்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்குப் பாடநூல் குழுக்கள் நேரான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

மண்வெட்டி யார் கையில்

இந்தியாவின் விடை வேறு திசையிலிருந்து வந்தது. வங்காளத்தில் தாகூர், லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட்டோடு சேர்ந்து 1922-இல் ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். பள்ளியும் பண்ணையும் ஊர்ச் சீரமைப்பும் அங்கே ஒரே முயற்சியின் பகுதிகள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு காந்தியின் ஆதாரக் கல்வியை முன்வைத்தது. ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் எழுதியது. நூற்பு, விவசாயம், தச்சு போன்ற ஒரு கைத்தொழில்தான் கல்வியின் மையம். மண்ணைப் பற்றிப் படிப்பதும் மண்ணில் வேலை செய்வதும் அங்கே ஒன்றுதான்.

இதற்குப் பொருளாதார முதுகெலும்பு தந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஓட்டத்திலிருந்து எடுப்பதும் தேக்கத்திலிருந்து எடுப்பதும் வேறு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். மழை, விளைச்சல், கால்நடை ஆகியவை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. நிலக்கரியும் எண்ணெயும் எடுத்தால் தீர்ந்துவிடுபவை. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற சொல்லாட்சி நாளிதழ்களில் புழங்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, 1945-இல், சிறையிலிருந்து எழுதப்பட்ட சிந்தனை இது. கடைசி ஆண்டுகளை அவர் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். காந்திகிராமம், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா வித்யாலயம் என்று ஆதாரக் கல்வி தமிழ்நாட்டில் வேர்விட்ட இடங்கள் சில உண்டு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது அதை அரசுப் பள்ளிகளுக்கும் கொண்டுசெல்ல முயன்றார்.

ஏன் பரவவில்லை? ஆசிரியர்கள் இல்லை, பணம் இல்லை, நடுத்தர வர்க்கப் பெற்றோர் விரும்பவில்லை என்ற வழக்கமான காரணங்கள் உண்மைதான். தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் பள்ளி, மீதி அரைநாள் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

ஆதாரக் கல்வியும் 1953 திட்டமும் ஒன்றல்ல. முன்னதில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் ஒரே தொழிலைக் கற்கிறார்கள். பின்னதில் ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் அப்பாவின் தொழிலுக்குத் திரும்புகிறது. ஆனால் தெருவில் இந்த வேறுபாடு நிற்கவில்லை, நிற்காததில் வியப்பும் இல்லை. நிலத்தில் குனிந்து வேலை செய்வது யாருக்கு விதிக்கப்பட்டது என்பது தெரிந்த சமூகத்தில், பள்ளி மண்வெட்டியைக் கொடுக்கும்போது அதை எல்லோரும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அந்த நினைவு இன்னும் மறையவில்லை. பள்ளித் தோட்டத்தில் களை பறிக்க எந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்ற கேள்வி, தோட்டம் எவ்வளவு பசுமையாக இருக்கிறது என்பதைவிட முக்கியமானது. சுற்றுச்சூழல் கல்வி பற்றிய சர்வதேச நூல்களில் இந்தப் பக்கம் அநேகமாக இல்லை.

அகில இந்திய அளவில் கைத்தொழில் மெல்லக் கரைந்தது. 1964–66 கோத்தாரி குழு அதைப் பணி அனுபவம் என்று சுருக்கியது. 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமூகப் பயனுள்ள ஆக்கப் பணி என்று புதுப் பெயர் கொடுத்தது. மதிப்பெண் பட்டியலின் கடைசி வரிக்கு அது போய்ச் சேர்ந்தது.

தனிப் பாடமா, எல்லாவற்றிலுமா

1970-களில் சுற்றுச்சூழலை எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி ஐ.நா. மேடைகளில் ஏறியது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு சுற்றுச்சூழல் கல்வியைப் பரிந்துரைத்தது; 1975-இல் பெல்கிரேடு சாசனம், 1977-இல் ஜார்ஜியாவின் திபிலிசியில் பிரகடனம். விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு என்று திபிலிசி வரிசைப்படுத்தியது இன்றுவரை உலகெங்கும் பாடத்திட்டங்களின் அடித்தளம். இந்தியா 1976-இல் அரசியலமைப்பைத் திருத்தி, இயற்கைச் சூழலைக் காப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் சேர்த்தது. 1984-இல் அகமதாபாத்தில் சுற்றுச்சூழல் கல்வி மையமும், 1989-இல் சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையமும் அமைந்தன. 2001 வாக்கில் தேசியப் பசுமைப் படை பள்ளிகளுக்கு வந்தது.

பிறகு எழுந்த சண்டை நடைமுறை சார்ந்தது. தனிப் பாடமாக வைத்தால் ஆசிரியர் உண்டு, பாடவேளை உண்டு, தேர்வு உண்டு. ஆனால் நீர்ச் சுழற்சிப் படம் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்குவதோடு முடிந்துபோகும். எல்லாப் பாடங்களிலும் கரைத்துவிட்டால் கணக்கிலும் மொழியிலும் வரலாற்றிலும் இயல்பாக வரும். ஆனால் எல்லோருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும். நீதிமன்றத்தின் அழுத்தம் முதலாவதை நோக்கி இழுத்தது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக எழுதப்பட்ட நிலைப்பாட்டு அறிக்கை இரண்டாவதை ஆதரித்தது. அதையொட்டி வந்த மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் ஒரு புதுமையைச் செய்தன. ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் ஜெய்சல்மேரின் கட்சீசர் ஏரி வந்தது. காடு யாருடையது என்று கேட்கும் பழங்குடிப் பெண் ஒருவரின் கதை வந்தது. நீரைச் சேமி என்று சொல்வதைவிட, நீர் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்பதில் அந்த நூல்கள் அக்கறை காட்டின.

அந்தக் கேள்வி ஆறாம் வகுப்பு முதல் அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிந்து, அரையுருவாகத்தான் மிஞ்சுகிறது. வேதியியல் ஆசிரியர் மண்ணின் கார அமிலத்தன்மையைச் சொல்கிறார். புவியியல் ஆசிரியர் கரிசல், செம்மண், வண்டல் என்று வகை பிரிக்கிறார். பக்கத்து வயல் ஏன் உவர்ப்பாகிவிட்டது என்பது இருவர் பாடத்திலும் இல்லை.

அறிந்தால் மாறுவார்களா

பாடநூல் அமைப்பாளர்களின் அடிப்படை நம்பிக்கை எளிமையானது: தெரிந்தால் கவலை வரும், கவலை வந்தால் நடத்தை மாறும். 1990-இல் ஹங்கர்ஃபோர்டு, வோல்க் ஆகிய இருவரும் இந்த நேர்கோடு ஆய்வுகளில் தேறவில்லை என்று காட்டினார்கள். பிரச்சினையில் தனக்கு உரிமை உண்டு என்ற உணர்வும், ஏதாவது செய்ய முடியும் என்ற தெம்பும், செய்யும் வழி பற்றிய பயிற்சியும் இல்லாமல் அறிவு மட்டும் நகர்வதில்லை. 2002-இல் கோல்மஸ், அகெய்மன் இருவரும் எழுதிய விரிவான மதிப்பாய்வு, அறிவுக்கும் செயலுக்கும் இடையே பொருளாதாரம், வசதி, பழக்கம், சமூக வழக்கம் என்று எத்தனை தடைகள் நிற்கின்றன என்பதை வரிசையாக அடுக்கியது.

எதிர்த் திசையிலும் சான்றுகள் உண்டு. செஷல்ஸ் தீவுகளில் ஈரநிலம் பற்றிப் பள்ளி வனவிலங்கு மன்றங்களில் கற்ற குழந்தைகளின் பெற்றோர், மற்றவர்களைவிட அதிகம் அறிந்திருந்தார்கள். வீட்டில் நீரைக் கையாள்வதிலும் மாற்றம் சொன்னார்கள். அது பிள்ளையிடமிருந்து வந்தது என்பதை அவர்கள் உணரவில்லை. இது 2013-இல் வெளியான ஆய்வு. 2019-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவிலிருந்து வந்த ஆய்வில், வகுப்பில் பருவநிலை மாற்றம் படித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் அக்கறை கூடியிருந்தது. பழமைவாத அரசியல் கொண்ட பெற்றோரிடமும், பெண்பிள்ளைகளின் பெற்றோரிடமும் அது தெளிவாகத் தெரிந்தது. பிள்ளை வழியாக வீட்டுக்குள் நுழையலாம் என்ற நம்பிக்கை வெறும் ஆசையல்ல.

ஆனால் இவற்றில் பல, அவரவர் வாயால் சொன்னதை அளக்கின்றன. 2020-இல் ஆர்டோயின் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை நல்ல விளைவையே அறிவித்திருந்தன. அவற்றில் நிலத்திலோ நீரிலோ நேரடியாக ஏற்பட்ட மாற்றத்தை அளந்தவை குறைவு. தோல்விகள் அச்சேறாமல் போகும் வாய்ப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சென்னையை எடுத்துக்கொள்ளலாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பாடநூல், பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, ஊர்வலம் என்று மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளும் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டன. 2003-இல் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிய பிள்ளைகள் இப்போது குடும்பத்தலைவர்கள். பாடம் தோற்றது என்று சொல்லத் தோன்றும். அது அவசர முடிவு. பருவமழை பொய்த்தது, சதுப்பு நிலங்கள் கட்டடங்களாயின, தனியார் லாரிகள் புறநகரின் ஆழ்துளைக் கிணறுகளை உறிஞ்சின. இவற்றில் எதையும் ஒரு வீட்டுக் கூரையின் குழாய் தடுத்திருக்காது.

அளவைப் பற்றிய இந்தப் பிசகு நம் பாடங்களில் பரவலாக உள்ளது. இந்தியாவில் வெளியே எடுக்கப்படும் நிலத்தடி நீரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு பாசனத்துக்குப் போகிறது. பல் துலக்கும்போது குழாயை மூடு என்பது நல்ல பழக்கம். அதையே நீர்ப் பாடத்தின் உச்சியில் வைத்தால், மீதி ஒன்பது பங்கைப் பற்றிப் பேசாமலிருக்க ஒரு வழி கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அது ஏன் வந்தது, யாரைக் காப்பாற்றியது, நீர்மட்டத்தை என்ன செய்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பேசும் பள்ளிப் பாடம் அரிது.

ஊரையே அளக்கச் சொன்னவர்கள்

இந்த இடத்தில்தான் இந்தியாவின் சுவையான சோதனைகள் இரண்டு வருகின்றன. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கல்வியைத் தொடங்கின. பின்னர் ஏகலவ்யா என்ற அமைப்பு அதை ஏற்று நடத்தியது. விடை எழுதப்படாத நூல்கள், மலிவான உபகரணங்கள், ஊரிலிருந்தே பொருட்கள். ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. மண்ணையும் நீரையும் மட்டும் பற்றிய திட்டமல்ல அது. சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதே என்ற பழக்கத்தைக் கிராமத்துப் பள்ளியிலும் வளர்க்க முடியும் என்பதற்கு அது சான்று. எவ்வளவு எளிதாக அதை மூடிவிட முடியும் என்பதற்கும்தான்.

இரண்டாவது, அல்மோராவின் உத்தரகண்ட் சேவா நிதி நிறுவனம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உருவாக்கிய, நம் நிலம், நம் வாழ்வு என்று பொருள்படும் தலைப்பிலான பாடநூல் வரிசை. இமயமலைச் சிற்றூரில் விளைநிலம் தனியாக வாழ்வதில்லை. மேலே உள்ள காடும் புல்வெளியும் தீவனம் தருகின்றன, மாடு சாணம் தருகிறது, சாணம் வயலுக்குப் போகிறது. காடு மெலிந்தால் வயல் மெலியும். இந்த ஒரு சங்கிலிதான் மூன்றாண்டுப் பாடம். வீட்டுக்கு எவ்வளவு விறகு வருகிறது, மாட்டுக்கு எவ்வளவு புல், ஊற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பிள்ளைகள் கணக்கெடுக்கிறார்கள். ஊரின் நிலம் தன் மக்களையும் கால்நடைகளையும் தாங்குமா என்று பார்க்கிறார்கள். தனி மாநிலமான பிறகு உத்தரகண்ட் இதை முறையான பாடமாக ஏற்றது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பிள்ளையை நீ மாறு என்று இந்தப் பாடம் சொல்வதில்லை. விறகு சுமப்பவர்கள் பெரும்பாலும் அம்மாவும் அக்காவும்தான். எடை பார்க்கும்போது அவர்களுடைய உழைப்பும் எண்ணாகத் தெரியவருகிறது. மனப்பாடம் செய்ய இதில் எதுவும் இல்லை, ஏனென்றால் ஒவ்வோர் ஊரின் விடையும் வேறு. அதுவே இதன் பலவீனமும்கூட: மாநிலம் முழுக்கப் பொதுத்தேர்வு நடத்தும் அமைப்புக்கு, ஊருக்கு ஊர் மாறும் விடை ஒரு தொல்லை. மலையூருக்கென நெய்த பாடம் தாமிரபரணிச் சமவெளிக்கு அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு வட்டாரமும் தன் பாடத்தைத் தானே எழுத வேண்டும். அதற்கான ஆட்களும் ஆண்டுகளும் எந்தத் துறையின் பட்ஜெட்டிலும் எளிதில் இடம்பெறுவதில்லை.

அளத்தல் என்ற கருத்து வேறு உருவங்களிலும் வந்தது. 1990-களின் நடுவில் தொடங்கிய குளோப் என்ற சர்வதேசத் திட்டத்தில் பல நாட்டு மாணவர்கள் மழை, மண் ஈரம், வெப்பம் ஆகியவற்றை அளந்து விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார்கள். தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பள்ளி தன் நீரையும் மின்சாரத்தையும் குப்பையையும் தானே தணிக்கை செய்யும் முறையை வகுத்தது. முன்னதில் எண்கள் ஊரை விட்டு வெளியே போய்விடுகின்றன. பின்னதில் பள்ளிச் சுவருக்கு வெளியே வருவதில்லை. அல்மோராவின் அளவுகோல் இரண்டுக்கும் நடுவில், ஊரின் எல்லையில் நிற்கிறது.

ஏரி யாருடையது

1997-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தொகுத்த மரபுவழி நீர் அறுவடை பற்றிய நூல், பழைய அறிவை மீட்பது என்ற இன்னொரு விடைக்கு வலுச் சேர்த்தது. தமிழ்நாட்டில் அது எளிதில் ஒட்டிக்கொண்டது. அரசுக் கணக்குப்படி மாநிலத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. வரத்துக்கால், மதகு, கலிங்கு, ஆயக்கட்டு என்று ஒரு கண்மாயைச் சுற்றி நடந்தாலே நீரியலும் கணக்கும் வரலாறும் ஒரே நாளில் பாடமாகிவிடும். இவ்வளவு நல்ல ஆய்வுக்கூடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரும்பலகையில் நீர்ச் சுழற்சி வரைவது விந்தைதான்.

இங்கும் எச்சரிக்கை தேவை. மானிடவியலாளர் டேவிட் மோஸ் ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட நூல், அந்தப் பழைய ஏற்பாடு ஊர் ஒற்றுமையின் கனியல்ல என்று காட்டியது. யார் மதகைத் திறப்பது, யார் வயலுக்கு முதலில் நீர், யாருக்குக் கோவில் மரியாதை என்பதெல்லாம் சாதியாலும் அதிகாரத்தாலும் பின்னப்பட்டிருந்தன. நீர் பாய்ச்சும் வேலை பெரும்பாலும் தலித்துகளுடையது. நீரின் மேலான சொல் அவர்களுடையதல்ல. ஊராரே கண்மாயைப் பராமரித்த குடிமராமத்தைப் பொற்காலமாகக் கற்பிக்கும் பாடம், அந்தக் கரையில் மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் எதைச் சொல்கிறது?

பள்ளித் தண்ணீருக்கும் இந்தியாவில் ஒரு வரலாறு உண்டு. பள்ளிக் குழாயைத் தான் தொட முடியாததையும், பணியாள் திறந்தால்தான் தாகம் தணிந்ததையும் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1927-இல் மகாடு குளத்தில் அவர் நடத்திய போராட்டம் பொது நீரின் மீதான உரிமைக்கானது. இது பழங்கதை என்று கடந்துவிடவும் முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. நீரைச் சேமி என்ற ஒற்றை வாசகத்தால் அங்கே ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

திருப்பூர் இன்னொரு வகைச் சிக்கல். சாயக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத் தேக்கமானது. கீழே உள்ள வயல்களின் மண்ணும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்பாவின் கூலி சாயப்பட்டறையிலும் தாத்தாவின் நிலம் நொய்யல் கரையிலுமாக இருக்கும் மாணவருக்கு, நிலமாசு என்பது வரையறை எழுதும் இரண்டு மதிப்பெண் வினா அல்ல. அதைப் பேச ஆசிரியருக்கு அறிவு மட்டும் போதாது. மறுநாள் பள்ளி வாசலில் நிற்கும் முதலாளியையும் பெற்றோரையும் சந்திக்கும் துணிவும், பின்னால் நிற்கும் ஒரு துறையும் வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு மூன்றாவது கிடைப்பதில்லை.

முடிவாகாதவை

இந்த விடைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒன்று தட்டுப்படுகிறது. நேசிப்பது, உழைப்பது, பழகுவது, அறிவது எல்லாமே பிள்ளையை எதிர்காலப் பொறுப்பாளராகக் கருதுகின்றன. இன்றைக்கு மண்ணின் மீதோ நீரின் மீதோ அந்தப் பிள்ளைக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதை அல்மோரா போன்ற சில முயற்சிகளே கணக்கில் எடுத்தன. அவை பிள்ளையிடம் தியாகத்தைக் கேட்கவில்லை, எண்ணைக் கேட்டன. இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இந்த வழி மற்றவற்றைவிட நேர்மையானது என்று சொல்லலாம். மற்றவற்றைவிட மண்ணையும் நீரையும் அதிகம் காத்தது என்று சொல்ல இன்னும் போதிய அளவீடு இல்லை.

இன்னும் முடிவாகாதவை மூன்று. சிறு வயதில் இயற்கையோடு பழகியதும் வளர்ந்த பின் காட்டும் அக்கறையும் தொடர்புடையவை என்பதற்கான சான்றுகள் பெரும்பாலும் பின்னோக்கிய நினைவுகளிலிருந்து வருபவை; அதே அனுபவம் பெற்றும் அக்கறை கொள்ளாதவர்களை யாரும் போய்க் கேட்பதில்லை. உழைப்பு வழிக் கல்வியைச் சாதியின் நிழல் விழாமல் வடிவமைக்க முடியுமா என்பதற்குச் சில தனிப் பள்ளிகளின் அனுபவம் உண்டு, ஒரு மாநில அமைப்பின் அனுபவம் இல்லை. பிள்ளை எடுத்த எண்ணை யார் பயன்படுத்துவார்கள் என்பது மூன்றாவது. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பாஜாரில் ஊர்சபையே மழையை அளந்து, நீர்க் கணக்குப் போட்டு, எந்தப் பயிர் என்று தீர்மானிக்கிறது. அத்தகைய ஊரில் மழைமானி பார்க்கும் பிள்ளையின் எண்ணுக்கு வேலை உண்டு. மற்ற ஊர்களில் அது நோட்டுப் புத்தகத்தோடு பழைய பேப்பர்காரரிடம் போகிறது.

மத்திய வேளாண் அமைச்சகம் அண்மையில் தொடங்கிய பள்ளி மண்வளத் திட்டம் இதற்கு ஒரு நல்ல சோதனையாக அமையக்கூடும். கேந்திரிய வித்யாலயா, நவோதயா உள்ளிட்ட சில பள்ளிகளில் சிறு ஆய்வுக்கூடங்கள் அமைத்து, மாணவர்களே வயல்களில் மண் மாதிரி எடுத்துச் சோதித்து, விவசாயிக்கு மண்வள அட்டை தருவது திட்டம். தழைச்சத்து போதும், இனி குறைத்துப் போடுங்கள் என்று ஓர் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அட்டை சொல்லலாம். 2010-இல் சத்து அடிப்படையிலான மானிய முறை வந்தபோதும் யூரியா அதற்கு வெளியே வைக்கப்பட்டது; மூட்டை இன்னும் மலிவுதான். அந்த விலையும் அந்த அட்டையும் ஒரே வரப்பில் எதிரெதிரே நிற்கும்போது விவசாயி எதைக் கேட்கிறார் என்பதை, அட்டை கொடுத்த அடுத்த பருவத்திலும் அதற்கடுத்த பருவத்திலும் அதே வயலுக்குத் திரும்பிப் போய் மண்ணெடுத்தால் அறியலாம். மறு அளவீட்டுக்கும் ஒரு பாடவேளை ஒதுக்கப்படுமா என்பதைப் பொறுத்தது அது.